சராசரிக்குத் தராசு பிடித்த மகலனோபிஸ்

கழக்கூட்டத்திலிருந்து ஸ்ரீகாரியம் செல்லும் சாலையில் சிறிது தூரத்திலேயே காரியவட்டம் வந்துவிடும். கேரளப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள துறைகளில் புள்ளியியல் துறை நெடுங்காலப் பெருமை உடையது. திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் என்ற பெயர் வழங்கிய நாளில், 1945-ம் ஆண்டு, டாக்டர் யு.எஸ். நாயர் தலைமையில் அது தொடங்கப்பட்டது. இந்தப் பாடத்துக்கென்று நாட்டில் தனித் துறைகள் மிகச் சிலவே இருந்த காலம் அது.

அந்தப் பாடத்தை இந்திய மண்ணில் ஊன்றியவர் என்று முதலில் சொல்ல வேண்டிய பெயர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவர் பிறந்த ஜூன் 29-ம் தேதி, 2007-ம் ஆண்டு முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தோடு சேர்த்து அவர் பெயரைப் பள்ளியில் படித்தவர்கள் பலர். ஆனால் அவருடைய பணியின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு நதியின் மட்டமோ, ஒரு பயிரின் விளைச்சலோ சராசரியாக இவ்வளவு என்று யாராவது அடித்துச் சொன்னால், சொல்பவரின் பதவியைப் பார்த்து நம்பாமல், கணக்கால் சோதித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை ஆட்சியாளர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர் அவர்.

ரயிலைத் தவறவிட்ட மாணவர்

மகலனோபிஸ் 1893-ம் ஆண்டு கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் படித்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்களாக இருந்த காலம். 1912-ல் பட்டம் பெற்று, மறு ஆண்டு மேல்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார்.

லண்டனில் சேர்வதாகத்தான் எண்ணம். ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், கிங்ஸ் கல்லூரியின் தேவாலய அழகில் மெய்ம்மறந்து நின்று, லண்டனுக்குத் திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிட்டார். அங்கு படித்துக்கொண்டிருந்த காண்டெத் என்ற நண்பரிடம் அன்றிரவு தங்கினார். இவ்வளவு பிடித்திருந்தால் இங்கேயே சேர்ந்துவிடலாமே என்று நண்பர் யோசனை கூற, கிங்ஸ் கல்லூரியிலேயே இடமும் கிடைத்தது. ஒரு ரயில் தவறியதால் ஒரு வாழ்க்கையின் பாதை மாறியது.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நண்பர்களில் ஒருவர் நம் கும்பகோணத்துச் சீனிவாச ராமானுஜன். 1914-ல் அங்கு வந்து சேர்ந்த ராமானுஜன், குளிர்காலத்தில் ஓவர்கோட்டும் சால்வையும் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி தூங்குவதை மகலனோபிஸ் அறிந்தார். அறைக்குப் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் இருந்தன. அவற்றை மெத்தையோடு சேர்த்துச் செருகி வைத்திருந்ததால், இடையில் புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. கம்பளியை விலக்கிக் காட்டி, படுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார் மகலனோபிஸ். கண்ணால் பார்க்காமல் காரணத்தை ஊகிக்கக் கூடாது என்ற குணம் அப்போதே அவரிடம் இருந்தது.

1915-ல் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறி ஊர் திரும்ப ஆயத்தமானார். உலகப் போர் காரணமாகக் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் பொழுதைக் கழித்தவருக்கு, மெக்காலே என்ற ஆசிரியர் பயோமெட்ரிகா என்னும் ஆராய்ச்சிப் பத்திரிகையின் தொகுதிகளைக் காட்டினார். மனிதரின் உயரம், தலையின் சுற்றளவு போன்ற அளவுகளைக் கணிதத்தால் ஆராயும் பத்திரிகை அது. தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். பௌதிகம் சொல்லித்தரும் உத்தியோகம் பிரசிடென்சி கல்லூரியில் கிடைத்தது. மனம் மட்டும் புள்ளியியலில் ஊன்றிவிட்டது.

இருநூறு பேரின் உயரம்

1920-ல் நாகபுரியில் நடந்த இந்திய விஞ்ஞான காங்கிரசில் விலங்கியல் அறிஞர் அன்னண்டேலை அவர் சந்தித்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை எடுத்து வைத்திருந்த அன்னண்டேல், அவற்றை ஆராய்ந்து தரும்படி கேட்டுக்கொண்டார். 1922-ல் வெளியான மகலனோபிஸின் முதல் புள்ளியியல் கட்டுரை அதிலிருந்துதான் பிறந்தது. வயது வந்த ஆண்கள் 200 பேரின் உயரம் அதன் பொருள்.

உயரங்களைக் கூட்டி வகுத்தால் சராசரி வந்துவிடும். அதற்கு அறிஞர் தேவையில்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. அளந்தது 200 பேரை. பேச வேண்டியதோ முழுச் சமூகத்தைப் பற்றி. வேறு 200 பேரை அளந்திருந்தால் வேறொரு சராசரி வந்திருக்கும். அப்படியானால், ஒரு சமூகத்தின் சராசரிக்கும் இன்னொன்றின் சராசரிக்கும் இடையே தெரியும் வித்தியாசம் உண்மையான வித்தியாசமா, ஆட்கள் அமைந்த தற்செயலா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கலையைத்தான் கருதுகோள் சோதனை என்கிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு

இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். கழக்கூட்டம் நிலையத்துக்கு ஒரு பாசஞ்சர் ரயில் சராசரியாகப் பத்து நிமிடம்தான் தாமதமாக வருகிறது என்று ஒருவர் சொல்கிறார். தினமும் அதில் போகும் ஒருவர் அதற்கு மேல் இருக்கும் என்கிறார். ஆண்டு முழுவதும் குறிக்க முடியாது. ஆகவே முன்பின் திட்டமில்லாமல், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் 36 நாட்களைத் தேர்ந்தெடுத்துத் தாமதத்தைக் குறிக்கிறார்கள். சராசரி 15 நிமிடம் வருகிறது. ஒரு நாளைக்கும் மற்றொரு நாளைக்கும் உள்ள ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 12 நிமிடம்.

இப்போது, முதலில் சொன்னவரின் வாக்கை உண்மை என்றே வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். குற்றம் ருசுவாகும்வரை கைதியை நிரபராதியாகக் கருதுவது போன்றது இது. 36-க்கு வர்க்கமூலம் 6. பன்னிரண்டை ஆறால் வகுத்தால் 2 நிமிடம். தற்செயல் காரணமாக 36 நாள் சராசரி இங்கும் அங்கும் ஆடக்கூடிய அளவு ஏறக்குறைய இதுதான். இதைத் திட்டப்பிழை என்பர். சொன்ன சராசரிக்கும் கண்ட சராசரிக்கும் உள்ள வித்தியாசம் 5 நிமிடம், அதாவது திட்டப்பிழையைப் போல் இரண்டரை மடங்கு. உண்மைச் சராசரி பத்தாகவே இருந்தால், இவ்வளவு விலகல் தற்செயலாக நேர்வது நூற்றுக்கு இரண்டு தடவைக்கும் குறைவு. ஆகவே பத்து நிமிடம் என்ற வாக்கை ஏற்பது கடினம்.

அதே சராசரியும் ஏற்ற இறக்கமும் நான்கே நாட்களில் கண்டவை என்றால் கதை வேறு. அப்போது திட்டப்பிழை 6 நிமிடம். 5 நிமிட வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடுகிறது. தற்செயலாக இவ்வளவு விலக நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் வாய்ப்பு உண்டு. அதைக்கொண்டு யாரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. அதே சமயம், பத்து நிமிடம் என்பது நிரூபணமாகிவிட்டது என்றும் பொருளில்லை. சாட்சியம் போதவில்லை என்பதே தீர்ப்பு. இப்படிக் குறைந்த எண்ணிக்கையை வைத்துச் சராசரியைச் சோதிக்கும் வழியை 1908-ல் கண்டு வெளியிட்டவர், டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய கோசெட். ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் அவர் எழுதியதும் அதே பயோமெட்ரிகாவில்தான்.

நதியின் மீது வழக்கு

மகலனோபிஸின் கணக்கு ஏட்டை விட்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் இறங்கியது வெள்ளத்தின் காரணமாக. 1922-ல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தது. பிரபுல்ல சந்திர ராய் நிவாரண வேலையை முன்னின்று நடத்தினார். வெள்ளநீரைத் தேக்கி நிறுத்தப் பெரும் பொருட்செலவில் தேக்கங்கள் வெட்ட வேண்டும் என்று என்ஜினீயர்கள் குழு சிபாரிசு செய்தது. மகலனோபிஸ் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளின் மழை, வெள்ளக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார். அத்தகைய தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று அவர் கணக்கு காட்டியது.

1926-ல் ஒரிசாவில், அதாவது இன்றைய ஒடிசாவில், பிராமணி நதி கரை புரண்டது. நதியின் படுகை மேடிட்டு உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்று நிபுணர்கள் கருதினர். நேரில் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். வெள்ளம் வந்து போன ஆண்டில் எந்த நதியும் உயர்ந்தது போலத்தான் தோன்றும்.

இங்கே கேள்வி மறுபடியும் சராசரியைப் பற்றியதுதான். படுகை உயர்ந்திருந்தால், முற்காலத்தில் ஓடிய அதே அளவு நீர் பிற்காலத்தில் கூடுதலான மட்டத்தில் நிற்க வேண்டும். ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் அது தெரியாது. மழை ஆண்டுக்கு ஆண்டு மாறும். நல்ல மழை ஆண்டையும் வறண்ட ஆண்டையும் ஒப்பிட்டு நதி உயர்ந்தது என்பது, தீபாவளிக் கூட்டத்தையும் சாதாரண நாள் கூட்டத்தையும் ஒப்பிட்டு ஊர் வளர்ந்துவிட்டது என்பது போலாகும். மகலனோபிஸ் சுமார் அறுபது ஆண்டுகளின் குறிப்புகளை ஆராய்ந்தார். ஆண்டுதோறும் இயல்பாக உள்ள ஏற்ற இறக்கத்தை மீறிப் படுகை உயர்ந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதே முடிவு.

இந்த முடிவின் மதிப்பைக் கரையோரக் கிராமத்தான் அறிவான். இல்லாத நோய்க்கு மருந்தாகக் கரையை உயர்த்திக்கொண்டே போனால் பணம் மண்ணாகப் போகும். கரை உடையும் நாளில் உயர்ந்த கரைக்குப் பின்னால் தேங்கிய நீர் முன்னிலும் வேகமாக ஊருக்குள் பாயும். மேற்பகுதியில் அணை கட்டி வெள்ளத்தைத் தாங்குவதே வழி என்று மகலனோபிஸ் கூறினார். வெள்ளத் தடுப்போடு மின்சாரமும் எடுக்கும் திட்டத்துக்கு மகாநதிப் பகுதியில் அவர் போட்ட தொடக்கக் கணக்கு, 1957-ல் நேரு திறந்து வைத்த ஹிராகுட் அணைக்கு முன்னோடிகளில் ஒன்றாயிற்று.

சணல் வயலும் சீட்டுக் குலுக்கலும்

1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் உருவாயிற்று. பிரசிடென்சி கல்லூரியின் பௌதிகத் துறையில் ஓர் அறைதான் அதன் இருப்பிடம். முதல் ஆண்டுச் செலவு 238 ரூபாய். 1933-ல் சங்க்யா என்ற ஆராய்ச்சிப் பத்திரிகை தொடங்கியது. ஆர்.சி. போஸ், எஸ்.என். ராய், கே.ஆர். நாயர், சி.ஆர். ராவ் என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற பலர் அந்தக் கழகத்தில் பணியாற்றினர். 1938 ஜனவரியில் கல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்கு இங்கிலாந்து மேதை ஆர்.ஏ. ஃபிஷரே தலைமை தாங்கினார்.

அப்போது வங்காள அரசுக்கு வேண்டியிருந்தது சணல் பயிரின் அளவு. ஒவ்வொரு வயலாக எண்ணுவதற்கு ஆளும் பணமும் ஏராளமாக வேண்டும். அங்குமிங்கும் சில வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அளந்தால் போதும், பிழை எவ்வளவு இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார் மகலனோபிஸ். 1937-ல் சிறு பகுதியில் வெள்ளோட்டம் பார்த்து, 1941-ல் மாகாணம் முழுவதற்கும் விரித்தார். முழு எண்ணிக்கையின் செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கிலேயே வேலை முடிந்தது. வயல் வயலாக எண்ணிய கணக்கைவிட, மாதிரிக் கணக்கே வியாபாரிகளின் சரக்கு வரவோடு நெருங்கி நின்றது. பெருங்கூட்டமாகப் போய் எண்ணும்போது களைப்பும் அலட்சியமும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடுகின்றன.

களப்பணியாளரையும் அவர் சோதனைக்குத் தப்பவிடவில்லை. ஒரே பகுதிக்கு ஒன்றையொன்று அறியாத இரு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளோடு அனுப்புவார். இரு சராசரிகளும் தற்செயலின் எல்லையைத் தாண்டி வேறுபட்டால், எங்கோ கோளாறு என்று தெரிந்துவிடும்.

செங்கோட்டையில் உப்புக் கணக்கு

1947-ல் கழகத்தாரின் திறமைக்கு வேறொரு சோதனை வந்தது. பிரிவினைக் கலவரத்தின்போது டில்லி செங்கோட்டைக்குள் அகதிகள் தஞ்சம் புகுந்திருந்தனர். அவர்களுக்கு உணவளித்த காண்டிராக்டர்கள் அனுப்பிய பில்லுக்கு அரசாங்கம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே எத்தனை பேர் என்று போய் எண்ணும் நிலை இல்லை.

மகலனோபிஸோடு பணியாற்றிய ஜே.எம். சென்குப்தா அந்தப் பில்களிலிருந்தே விடை கண்டார். ஒரு மனிதன் ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு அரிசி, பருப்பு, உப்பு உட்கொள்கிறான் என்பது பழைய ஆய்வுகளில் இருந்தது. மூன்றையும் வைத்து ஆட்களைக் கணக்கிட்டால் ஒரே எண்ணிக்கை வர வேண்டும். வரவில்லை. அரிசிக் கணக்குப்படி ஆட்கள் மிக அதிகம், உப்புக் கணக்குப்படி மிகக் குறைவு. உப்பின் விலை அற்பம் என்பதால் அதைக் கூட்டி எழுத யாருக்கும் ஆசை வராது. ஆகவே உப்பே உண்மை பேசியது. சராசரி நன்றாகத் தெரிந்தால், அதை வைத்தே பொய்க் கணக்கைப் பிடித்துவிடலாம்.

தராசுக்கும் எடைபோட்டவர்

எடை போடுபவரின் தராசும் சரியாக இருக்க வேண்டும். அந்தச் சோதனை மகலனோபிஸுக்கும் வந்தது. விளைச்சலின் சராசரியைக் காண, வயலின் நடுவே சில அடி ஆரமுள்ள சிறு வட்டத்தில் அறுத்து எடைபோடுவது அவர் முறை. சிறு வட்டத்தில் சராசரி கூடுதலாகக் காட்டுகிறது என்று பி.வி. சுகாத்மே என்ற இந்திய அறிஞர் 1946-ல் நேச்சர் பத்திரிகையில் எழுதினார். அறுப்பவன் ஓரத்தில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ளவே முனைவான். சிறு வட்டத்தில் பரப்புக்கு ஓரம் அதிகம். ஆகவே பிழையும் அதிகம்.

சரியான கருவியும் பயிற்சியும் இருந்தால் அந்தப் பிழை வராது என்று மகலனோபிஸ் வாதாடினார். ஆயினும் நாட்டின் பெரும்பகுதியில் பெரிய கட்டம் வெட்டும் முறையே நிலைத்தது. இந்நாளிலும் நெல் அறுவடைச் சோதனைக்குப் பொதுவாக 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள கட்டம்தான் வெட்டப்படுகிறது.

இந்தச் சர்ச்சை கற்பிக்கும் பாடம் பெரியது. தற்செயலால் வரும் பிழையை மாதிரியின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரே பக்கம் சாய்ந்த பிழையோ ஆயிரம் வயலை அறுத்தாலும் குறையாது. சாய்ந்த தராசில் ஆயிரம் தடவை நிறுத்தாலும் எடை சரியாக வராதல்லவா? கற்பனைக் கணக்கில் கண்ட ரயிலைக் கொட்டும் மழை நாட்களில் மட்டும் குறித்திருந்தாலும் இதே கதிதான்.

நாட்டின் அளவுகோல்

1945-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் மத்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகரானார். 1950-ல் அவர் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. அதன் களப்பணியாளர்கள் தேர்ந்தெடுத்த வீடுகளின் கதவைத் தட்டி, அரிசிக்கு எவ்வளவு, மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு, வைத்தியத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக் குறித்தார்கள். வறுமையைப் பற்றி நாட்டில் நடந்த வாதங்களுக்கெல்லாம் அந்தக் குறிப்புகளே ஆதாரம். இப்போதும் அந்த ஆய்வு மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கீழ் நடக்கிறது.

1955 முதல் 1967 வரை திட்டக் கமிஷன் உறுப்பினராக இருந்தார். கனரகத் தொழில்களுக்கு முதலிடம் தந்த இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் அவர் கை இருந்தது. விவசாயம் பின்தங்க அது வழி செய்தது என்ற குறையும், நாட்டின் தொழில் அடித்தளம் அதனால் எழுந்தது என்ற பாராட்டும் இரண்டுமே உண்டு. 1959-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, அவர் வளர்த்த கழகத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. 1968-ல் பத்ம விபூஷண் விருது வந்தது. 1972 ஜூன் 28 அன்று, 79-வது பிறந்த நாளுக்கு முதல் நாள், மகலனோபிஸ் காலமானார்.

ஒரு வீட்டின் சராசரிச் செலவு இவ்வளவு, ஒரு தொழிலாளியின் சராசரிக் கூலி இவ்வளவு என்று பத்திரிகைகளில் எண்கள் வராத நாளில்லை. அந்த எண்ணைக்கொண்டே ரேஷன், கூலி, பஞ்சப்படி எல்லாம் பேசப்படுகின்றன. பிழைப்புக்காக மாநிலம் தாண்டி வந்து வாழ்பவருக்கும் அந்த எண்களிலேதான் பங்கு பிரிகிறது. எத்தனை பேரைக் கேட்டார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், வித்தியாசம் தற்செயலைத் தாண்டியதா, அளந்த முறை ஒரு பக்கம் சாய்ந்ததா என்ற நான்கு கேள்விகளைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அவற்றைக் கேட்கத் தெரிந்த குடிமகனிடம் சராசரியைச் சொல்லி யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.